மாஸ்க் ஆயுள் முழுக்கவா?

குறட்டை, தூக்கத்தில் மூச்சடைப்பு, அதற்காக மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின்... இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். மதுரையில் நுரையீரல் மருத்துவராக இருக்கும் நம் டாக்டரம்மா பதில் சொல்கிறார்.

வயது 63. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்லீப் ஸ்டடியில் ஏ.ஹெச்.ஐ. 46 என்று வந்ததால் ஆறு வருடமாக இரவில் சிபாப் போட்டுத் தூங்குகிறேன். பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. என் மகன், 'இந்த மெஷினால் ஹார்ட் அட்டாக் குறையாது என்று ஆராய்ச்சியிலேயே சொல்லிவிட்டார்கள், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சால் கேன்சர் வேறு வருமாம்' என்கிறான். தினமும் காற்றை ஊதி ஊதி நுரையீரல் சோம்பேறி ஆகிவிடாதா? நிறுத்திவிடலாமா? நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், டாக்டரம்மா.
— வாசகர், திண்டுக்கல்

உங்கள் மகன் சொன்ன இரண்டுமே ஆதாரமில்லாத கதை இல்லை ஐயா. அதனால் 'வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள்' என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

முதலில் அந்த ஏ.ஹெச்.ஐ. 46. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு 46 முறை, ஒவ்வொரு முறையும் பத்து வினாடியாவது, தொண்டை அடைத்து உங்கள் மூச்சு நின்றிருக்கிறது, அல்லது நன்றாகக் குறைந்து போயிருக்கிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் தீவிரம். ஏழு மணி நேரம் தூங்கியிருந்தால் முந்நூறு தடவைக்கு மேல் மூளை பதறி எழுந்து, தொண்டையைத் திறந்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறது. காலையில் உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது, அவ்வளவுதான்.

இப்போது இதயம். 2016-இல் வெளிவந்த 'சேவ்' என்ற ஆய்வைத்தான் உங்கள் மகன் படித்திருப்பார். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் அதிகமானவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் சிபாப் கொடுத்தார்கள். இந்திய நோயாளிகளும் அதில் இருந்தார்கள். சராசரியாக மூன்றரை வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எதிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இது உண்மை. நாங்கள் டாக்டர்களே அன்றைக்குக் கொஞ்சம் முகம் தொங்கிப் போனோம்.

ஆனால் அதே ஆய்வில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஓர் இரவுக்கு மாஸ்க் போட்ட நேரம் சராசரியாக 3.3 மணி. மீதி ராத்திரி முழுக்கப் பழைய கதைதான். அப்புறம், பகலில் தாங்க முடியாமல் தூங்கி விழுபவர்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். அவர்களை வைத்தியம் இல்லாமல் விடுவது நியாயமில்லை என்பதால். ஆக, மெஷினால் அதிகம் பலன் பெறுகிறவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இதையெல்லாம் சொன்னாலும், 'சிபாப் போட்டால் ஹார்ட் அட்டாக் வராது' என்று நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன். யாராவது அப்படிச் சொல்லி உங்களுக்கு மெஷின் விற்றிருந்தால், அது சரக்கு விற்பதற்காகச் சொன்ன பேச்சு.

பிறகு எதற்கு மாட்டுவது? பகல் தூக்கம் போகும். இதில் சந்தேகமே இல்லை. அதே சேவ் ஆய்வில்கூட மாஸ்க் போட்டவர்களுக்குத் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, வேலைக்கு லீவு போடுவது குறைந்தது. வண்டி ஓட்டுகிறவருக்கு இது ஒன்றே போதும். காலைத் தலைவலி, ராத்திரி நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுவது, குறட்டை எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே அடங்கும். பிரஷர் குறையும், ஆனால் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான். மூன்று மாத்திரை போட்டும் அடங்காத பிரஷர் என்றால் பலன் சற்றுக் கூடுதல். சுகர் இதனால் நிச்சயம் இறங்கும் என்று நம்பாதீர்கள். எடையும் குறையாது. சொல்லப்போனால் பல பேருக்கு ஒரு சுற்று கூடுகிறது.

நுரையீரல் சோம்பேறி ஆகாது ஐயா. உங்களுக்காக மெஷின் மூச்சு விடுவதில்லை, மூச்சு விடுவது நீங்கள்தான். பந்தல் சரியாமல் கால் நட்டுத் தாங்குவதுபோல, காற்றின் அழுத்தம் தொண்டைச் சதை சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்த்ததில் தொடங்கியது இது. அதற்கு முன்னால், தீவிரமானவர்களுக்கு இருந்த உறுதியான வைத்தியம் கழுத்தில் துளை போடுவதுதான்.

மெஷின் பழக்கமாகி அடிமையாகிவிடுவோமோ என்றும் பலர் கேட்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவதற்குப் பேர் அடிமைத்தனமா? மாஸ்க்கைக் கழற்றினால் ஓரிரு இரவுகளிலேயே மூச்சடைப்பு பழைய அளவுக்குத் திரும்பிவிடும். புதிதாக எதுவும் கெடுவதில்லை. இருந்த நோய்தான் மறுபடி தெரிகிறது.

கெட்டதற்கு வருகிறேன். கம்பெனிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதெல்லாம் என் அறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூக்கடைப்பு, வாய் வறட்சி, மூக்குத்தண்டில் புண். காற்றை விழுங்கிவிட்டுக் காலையில் வயிறு உப்பி ஏப்பமாக விடுவது. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண் சிவந்து எரிவது. இவற்றில் முக்கால்வாசி மாஸ்க் அளவு சரியில்லாததால் வருவது. வார் இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று நினைத்து எல்லோரும் இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்கத்தான் மாஸ்க் ஓரத்துச் சிலிக்கோன் மடங்கிக் கசியும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் அந்தச் சிலிக்கோன் சீக்கிரம் பதம் கெட்டு வழுவழுத்துப் போகும். நம் ஊர் மீசையும் ஒரு கசிவுதான்! மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூக்குத் துளையில் மட்டும் பொருந்துகிற 'நேசல் பில்லோ' மாஸ்க் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீரில் நம்மூர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஒரே மாதத்தில் டப்பாவின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள். கிடைக்காத அன்றைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர். மிச்சத்தைக் காலையில் கொட்டிவிட்டு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள்.

செலவும் ஒரு தீமைதான், அதை யாரும் தீமைக் கணக்கில் எழுதுவதில்லை. மெஷின் 30,000-இலிருந்து 60,000 வரை, மாஸ்க் சில ஆயிரம், அதையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். அஞ்சாறு வருஷத்தில் மோட்டார் களைத்துவிடும். வீட்டுக்கு வாங்கும் மெஷினுக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. பென்ஷனில் இதையும் ஒரு மாதாந்திரச் செலவாக வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்பாஞ்ச் விஷயம் 2021 ஜூனில் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் தன் பழைய மெஷின்களில் சத்தத்தை அடக்க வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை உதிர்ந்து பொடியாகலாம் என்று சொல்லி உலகம் முழுக்க லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பிரான்ஸில் அந்த மெஷின்காரர்களையும் மற்ற மெஷின்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் புற்றுநோய் கூடவில்லை. உங்கள் மெஷின் ஆறு வருஷப் பழசு, எந்த கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. பிலிப்ஸ் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கம்பெனியில் கொடுத்துச் சரிபாருங்கள். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிற பெட்டி எதுவும் வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள், அது நுரையை இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

நிறுத்தலாமா என்றால், 46 உள்ளவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முந்தைய உடம்பை வைத்து இன்றைக்கு முடிவு செய்யவும் கூடாது. இந்த ஆறு வருஷத்தில் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், சில இரவுகள் மெஷின் இல்லாமல் படுத்து, ஸ்லீப் ஸ்டடியை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். டாக்டர் சொன்ன பிறகு. அந்த நாட்களில் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. அப்படியே மெஷினில் இருக்கும் மெமரி கார்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள், எவ்வளவு கசிகிறது, மாஸ்க் போட்டும் எத்தனை அடைப்பு மிச்சம் என்று அது சொல்லும். என் நோயாளிகள் பலர் 'தினமும் போடுகிறேன் மேடம்' என்பார்கள். கார்டு வேறு சொல்லும்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வயது 44. சாப்பிட உட்கார்ந்தால் தட்டிலேயே தூங்கிவிடுகிறார். டெஸ்ட் எடுத்ததில் மூச்சடைப்பு ரொம்ப அதிகம் என்றார்கள். மெஷின் வாங்கியும் போட மாட்டேன் என்கிறார். லாரியில் போட்டால் கிளீனர் பையன் சிரிப்பானாம்.
— வாசகி, நாமக்கல்

தங்கச்சி, இந்தக் கடிதத்தை அவரிடமே படித்துக் காட்டுங்கள். தம்பி, நன்மை தீமை எடைபோடுவதெல்லாம் மற்றவர்களுக்கு. உங்கள் தராசில் இன்னொரு தட்டு இருக்கிறது, அதில் எதிரே வருகிற வண்டியில் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குச் சமாதானம் பேச என்னிடம் எதுவும் இல்லை. மாஸ்க் போட்டுச் சில வாரம் தூங்கி, பகல் தூக்கம் தெளிந்து, டாக்டர் சரி சொல்லும்வரை ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். இரவு ஓட்டம் அறவே வேண்டாம். டீ, பான் மசாலா, ஜன்னலைத் திறந்து முகத்தில் காற்று வாங்குவது எதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் காப்பாற்றாது.

லாரியில் போடுவது பெரிய வேலை இல்லை. வண்டியின் 24 வோல்ட்டில் இருந்து ஓடுகிற டிசி கன்வெர்ட்டர், மெஷின் விற்பவர்களிடமே கிடைக்கும். உங்கள் மெஷின் மாடலைச் சொல்லி அதற்கு உரியதையே வாங்குங்கள். பேட்டரி இறங்காமல் இருக்கத் தண்ணீர் சூடாக்கும் பகுதியை அணைத்துவிடலாம். கிளீனர் பையன் சிரிக்கட்டும். அவனும் அதே கேபினில்தானே வருகிறான்!

ஐ.டி. வேலை, வயது 34, சென்னை. மனைவி குறட்டை என்று சொன்னதால் வீட்டிலேயே டெஸ்ட் எடுத்தேன். ஏ.ஹெச்.ஐ. 8. பகலில் தூக்கம் எதுவும் இல்லை. டெஸ்ட் எடுத்த ஆட்களே மெஷின் வாங்கச் சொல்லி தினமும் போன் செய்கிறார்கள். இப்போது வாங்காவிட்டால் ஸ்ட்ரோக் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், சென்னை

போனை எடுக்காதீர்கள்.

எட்டு என்பது லேசானது. எப்வொர்த் அளவை என்று ஒன்று இருக்கிறது. டிவி பார்க்கும்போது, மத்தியானம் படுக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது என எட்டு சூழ்நிலைகளில் தூங்கிவிடுவீர்களா என்று கேட்டு 24-க்கு மார்க் போடுவார்கள். பத்தைத் தாண்டினால்தான் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். நீங்களே போட்டுப் பாருங்கள். மார்க் குறைவு, பிரஷர் சாதாரணம் என்றால் இப்போதைக்கு மெஷின் தேவையில்லை. உங்களுக்கு நன்மை கொஞ்சம், தொல்லை முழுசு. வாங்கி அலமாரியில்தான் வைப்பீர்கள்.

ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுத்தால்தான் பலருக்கு அடைக்கிறது. ஒல்லியாக இருப்பவருக்கு இது வராது என்று எண்ண வேண்டாம், தாடை சிறிதாக இருந்தால் நமக்கெல்லாம் எடை அதிகம் ஏறாமலே வரும். ஆனாலும் எடை இருந்தால் குறையுங்கள். பத்து சதவீத எடை குறைந்தால் ஏ.ஹெச்.ஐ. கால்வாசி குறைவதாக அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துச் சொன்னார்கள். ராத்திரி மது, தூக்க மாத்திரை கூடாது. குறட்டையால் வீட்டில் சண்டை என்றால், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கிற பிளேட்டைப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவார். அதிலும் ஒரு வம்பு உண்டு. வருஷக்கணக்கில் போட்டால் பற்கள் மெல்ல நகர்ந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துவது மாறும். ஆகவே பல் டாக்டரிடம் அவ்வப்போது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் தவில் வாசிப்பவன். எனக்குத் தீவிரமான மூச்சடைப்பு. கூட வாசிக்கிற நாகஸ்வரக்காரர், 'ஊதுகிறவனுக்கு இந்த வியாதி வராது, மெஷினைத் தூக்கிப் போடு' என்கிறார். உண்மையா?
— வாசகர், கும்பகோணம்

அவர் சும்மா சொல்லவில்லை! 2006-இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜரிடூ என்ற நீளக் குழலைப் பாதிப் பேருக்கு நாலு மாதம் கற்றுக்கொடுத்தார்கள். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் அடைப்பும் குறைந்தன. தொண்டைச் சதைக்கு அது நல்ல உடற்பயிற்சி. வாத்தியக் கலைஞர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஓபோ என்ற மேல்நாட்டுக் குழல் மாதிரி இரட்டைச் சீவாளி வாத்தியக்காரர்களுக்கு அபாயம் குறைவாகத் தெரிந்தது. நாகஸ்வரமும் அந்த ஜாதிதான்.

ஆனால் சுவிட்சர்லாந்தில் ஊதியவர்களுக்கு இருந்தது நடுத்தரமான அடைப்பு, அதுவும் குறைந்ததே தவிர மறைந்துவிடவில்லை. தீவிரமான உங்களுக்கு அது போதாது. அதோடு, தவிலுக்கு இந்தச் சலுகை கிடையாது ஐயா. மெஷின் இருக்கட்டும். கச்சேரிக்கு வெளியூர் போகும்போதும் எடுத்துப் போங்கள். ரயிலில் போவதென்றால், பல ரயில்களில் இரவு 11-இலிருந்து காலை 5 வரை சார்ஜிங் பாயின்டை அணைத்துவிடுகிறார்கள், அதை நம்பிப் படுக்காதீர்கள். தனி பேட்டரி வேண்டும்.

எடை 96 கிலோ, வயது 52. மாஸ்க் பிடிக்கவே இல்லை. இப்போது வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசியைப் போட்டால் மெஷினை விட்டுவிடலாமாமே?
— வாசகி, கோவை

டிர்செபடைடைச் சொல்கிறீர்கள். உடல் பருமனோடு நடுத்தர அல்லது தீவிர மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். இந்தத் தொந்தரவுக்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஒரு வருஷம் போட்டவர்களுக்கு அடைப்பு சராசரியாகப் பாதிக்குக் குறையாமல் இறங்கியது. சிலருக்கு மெஷினே தேவைப்படாத அளவுக்கு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கும் வந்தது, இங்கே சர்க்கரைக்கும் எடைக்குமாக.

நல்ல மருந்துதான் அம்மா, எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பலன் தெரிய மாதக்கணக்காகும், அதுவரை மாஸ்க் வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும், எடையோடு குறட்டையும். 'ஆயுள் முழுக்க மாஸ்க்கா' என்று அலுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க ஊசிக்குப் போகிறோமோ என்பதையும், மாதா மாதம் ஆகும் பணத்தையும் சேர்த்து யோசியுங்கள். மாஸ்க் பிடிக்கவில்லை என்கிறீர்களே, எத்தனை வகை போட்டுப் பார்த்தீர்கள்? பெரும்பாலும் கடைக்காரர் முதலில் கொடுத்த ஒன்றையே வைத்துக்கொண்டு அழுகிறோம்.

வயது 38. பிசிஓடி, எடை, மூச்சடைப்பு எல்லாம் உண்டு. மெஷின் போட்டதில் இருந்து பகலில் தெம்பாக இருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாஸ்க்கும் குழாயுமாகக் கணவர் பக்கத்தில் படுக்கக் கூச்சமாக இருக்கிறது. கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்றும் பயம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இதை எழுதியதற்கு நன்றிம்மா. என் அறையில் பெண்கள் இதைக் கடைசியில்தான், கதவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துதான் சொல்வார்கள். மாஸ்க் போட வேண்டியது தூங்குவதற்கு, படுப்பதற்கு அல்ல. பேசி, சிரித்து, உங்களுக்கான நேரம் எல்லாம் முடிந்து, விளக்கை அணைத்த பிறகு மாட்டினால் போதும். சுவர்ப் பக்கம் பார்த்துக் கூச்சத்தோடு மாட்டாமல், ஒரு நாள் அவர் கையாலேயே வாரைப் போடச் சொல்லுங்கள். குறட்டை இல்லாமல் தூங்குகிற கணவர்கள் இந்த மெஷினுக்குப் பெரிய ரசிகர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். பின்னலை உச்சியில் போடாமல் பக்கவாட்டில் போட்டால் வார் வழுக்காது. ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு முகத்தில் தெறித்தால், குழாய்க்கு ஒரு துணி உறை போடுங்கள், மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

கரண்ட் போனால் மூச்சு முட்டாது. எல்லா மாஸ்க்கிலும் காற்று வெளியேறும் துளைகள் இருக்கும், வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் தானாகத் திறக்கும் வால்வும் உண்டு. பெரும்பாலும் மெஷின் நின்றதும் நீங்களே விழித்துக் கழற்றிவிடுவீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் அந்த பிளக்கையும் சேர்த்துவிடுங்கள், ஒரு ஃபேன் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்கு சிபாப் மெஷினை எடுத்துப் போக வேண்டுமா? அங்கேயே ஆக்சிஜன் இருக்குமே?
— வாசகர், விருதுநகர்

கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆக்சிஜன் தொண்டை அடைப்பைத் திறக்காது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முன்கூட்டியே, நேரில், ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டோடு சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி ஊசிகளில் சிலவும் தூக்க மருந்துகளும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். அந்த முதல் சில இரவுகளில்தான் அம்மாவுக்கு மெஷின் மிக அவசியம். பகலில் கண்ணயர்ந்தாலும் போட்டுவிடச் சொல்லுங்கள். மெஷின், மாஸ்க், குழாய், அடாப்டர் நான்கிலும் பேரை எழுதி ஒட்டிவிடுங்கள். ஐசியூவில் இருந்து வார்டுக்கு மாற்றும்போது மாஸ்க்கைப் பெட்ஷீட்டோடு சுருட்டிச் சலவைக்குப் போட்டுவிடுகிறார்கள்.